வேணுதாசு வீட்டுப் பால்

கார்த்திகை பிறந்து மழை ஓய்ந்த வாரத்தில்தான் 'பக்த வேணுதாசு' எங்கள் கொத்தபாலெத்துக்கு வந்தது. தெனாலியில் ஓடி, பாபட்லாவில் ஓடி, படப்பெட்டி கடைசியாக எங்கள் ஊர் டெண்டுக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தபோது, படத்தில் வேணுதாசாக நடித்த பரப்பிரம்மம் வெற்றிலைக் கொடிக்காலில் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டிருந்தான். மழைக்குச் சாய்ந்துபோன அகத்தி மரங்களை நிமிர்த்திக் கட்டுகிற வேலை. வண்டியில் தப்பட்டை அடித்து நோட்டீஸ் விட்டுக்கொண்டு போனவன் வாய்க்கால் கரையில் மாட்டை நிறுத்தினான்.

"சாமீ, உங்க மூஞ்சிய உங்களுக்கே தர்றேன். வாங்கிக்குங்க."

பரப்பிரம்மம் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தான். நெற்றியில் நாமம், கழுத்தில் துளசிமாலை, மேலே நிமிர்ந்த கண்கள். அவனுக்குப் பின்னால் ஒரு பெண்பிள்ளை மடியில் குழந்தையை ஏந்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"நல்லா விழுந்திருக்கு" என்றான் என்னிடம். நோட்டீசை நான்காக மடித்து அகத்திக் கவட்டில் செருகிவிட்டுத் திரும்பவும் சேற்றில் இறங்கினான்.

அவர்கள் கொடிக்காலும் எங்கள் கொடிக்காலும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் குடிப்பவை. நான் மடை திறந்தால் அவனுக்கும் பாயும். அந்த வீட்டில் பரப்பிரம்மம், அவன் மனைவி கனகரத்தினம், சிறு வயதிலேயே தாலியறுத்து வந்த அவன் அக்காள் செங்கம்மா, பெண் குழந்தை ராஜ்யலட்சுமி. குழந்தையை ராஜ்யம் என்று கூப்பிடுவார்கள். பகலில் எல்லோரும் வெற்றிலைக்காரர்கள். அறுப்பு முடிந்த மாதங்களில் பரப்பிரம்மம் மட்டும் வேணுதாசாகிவிடுவான்.

அது எங்கள் பக்கத்து நாடகம். கிருஷ்ணா கால்வாய் போகிற ஊர்களிலெல்லாம் அதைப் பத்து வருஷமாக ஆடினார்கள். பஞ்ச காலம். மாடு மேய்க்கும் வேணுதாசு வீட்டில் ஒரு சொம்புப் பால் மட்டும் மிச்சம். அதைக் கைக்குழந்தைக்கென்று வைத்திருக்கிறாள் மனைவி. அந்த நேரம் பார்த்து ஒரு பரதேசி வாசலில் வந்து பால் கேட்கிறான். வேணுதாசு எடுத்துக் கொடுத்துவிடுகிறான். குழந்தை பசியில் கத்திக் கத்தித் தாய் மடியிலேயே அடங்கிப் போகிறது. அப்புறம் பரதேசி மடியிலிருந்து புல்லாங்குழலை எடுக்கிறான். அவன் யாரென்று அப்போதுதான் தெரிகிறது. குழந்தை கண் விழித்துச் சிரிக்கிறது. நாடகத்தில் குழந்தைக்குப் பதில் துணி சுற்றிய மரப்பொம்மை. மிருதங்கக்காரர் அப்பாராவ் திரைக்குப் பின்னால் மூக்கைப் பிடித்துக்கொண்டு அழுவார். பூனை கத்துகிற மாதிரி இருக்கும். ஆனாலும் பரப்பிரம்மம் அந்த இடத்துப் பத்யப் பாட்டைப் பாடும்போது ஒருவனும் சிரித்ததில்லை. ஒன்ஸ்மோர் கேட்டுக் கேட்டு அவனை மூன்று தடவை பாட வைப்பார்கள்.

மதராஸ் கம்பெனி ஒன்று நாடகத்தை அப்படியே வாங்கியது. மனைவி வேஷத்துக்கு மட்டும் ராஜமுந்திரியிலிருந்து ஒரு நடிகையைப் பிடித்தார்கள். நாடகத்தில் அந்த வேஷம் கட்டியவனுக்கு மீசை வந்துவிட்டிருந்தது. குழந்தைக்கு எங்கே போவது என்று யோசித்தபோது பரப்பிரம்மமே சொன்னானாம்: "எம் பொண்ணு இருக்கா." ராஜ்யம் அப்போது தவழ ஆரம்பித்திருந்த குழந்தை. கனகரத்தினம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மதராசுக்கு ரயிலேறினாள். திரும்பி வந்ததிலிருந்து ஷூட்டிங்கைப் பற்றி யார் கேட்டாலும் "என்னமோ எடுத்தாங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

முதல் நாள் முதல் ஆட்டத்துக்கு ஊரே போயிற்று. பொழுது சாயும்போதே பெண்கள் பக்கத்து மணலில் இடமில்லை. செங்கம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நடுவில் உட்கார்ந்து, வருகிறவர்களையெல்லாம் தன் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி வரவேற்றாள்.

"வா வா, உக்காரு. தம்பி வர்ற நேரத்துல கண்ண மூடிராத. அழுகை வந்தா அழுதுரணும், அடக்கப்படாது."

"உந் தம்பி பாட்டுக்கு நாங்க நாடகத்துலயே அழுதவங்கதானே செங்கம்மா."

"நாடகத்துல அழுதது வேற. இதுல எங்க வீட்டுப் பிள்ளையே அழுவுது."

படம் ஓடியது. பரதேசி பாலை வாங்கிக் குடித்தான். குழந்தை அழ ஆரம்பித்தது. முதலில் வீறிட்ட அழுகை. பிறகு தொண்டை கம்மிப்போய், காற்று மட்டும் வருவது போல் ஓர் அழுகை. கொட்டகையில் மூக்கு சிந்தாத பெண் இல்லை. கனகரத்தினத்தின் மடியில் உட்கார்ந்திருந்த ராஜ்யத்துக்கு இரண்டரை வயசு இருக்கும். திரையைப் பார்த்துக்கொண்டே சத்தமாகக் கேட்டது:

"அம்மா, பாப்பா ஏன் அழுவுது?"

"பசிக்குது."

"பால் குடு."

பக்கத்திலிருந்தவர்கள் அழுகையோடு சிரித்தார்கள். "அடி கண்ணே, அது நீதான்டி!" என்று ஒருத்தி கன்னத்தைக் கிள்ளினாள். குழந்தை விடவில்லை.

"பாப்பாவோட அம்மா எங்க?"

கனகரத்தினம் எழுந்துவிட்டாள். "என்னமோ பண்ணுது மதினி" என்று செங்கம்மாவிடம் சொல்லிவிட்டுக் குழந்தையோடு வெளியே வந்தாள். அவள் கொட்டகை வாசலைத் தாண்டும்போது உள்ளே குழல் ஓசை கேட்டது. தட்டில் கற்பூரம் ஏற்றி, "கோவிந்தா" என்று ஊரே எழுந்து நின்றது.

மறுநாளிலிருந்து வீட்டுக்குப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். சாமி எழுப்பின குழந்தையைப் பார்க்க வேண்டும். சீக்குப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் வந்தார்கள். செங்கம்மா ராஜ்யத்துக்குத் தலை வாரிப் பூ வைத்து, நெற்றியில் குங்குமம் அப்பி, பலகை போட்டு உட்கார வைத்தாள். குழந்தை தொட்ட வாழைப்பழத்தைப் பிரசாதம் போல வாங்கிக்கொண்டு போனார்கள். ராஜ்யத்துக்கும் விளையாட்டாய்த்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் சலித்துப்போய்ப் பலகையிலேயே தூங்கி விழும்.

"மதினி, போதும். பிள்ளைய விட்டுருங்க" என்பாள் கனகரத்தினம்.

"உனக்கு என்ன நோவுது? புண்ணியம் வீடு தேடி வருது. நீ பெத்த பிள்ளைக்கு வர்ற மதிப்பு உனக்கே பொறுக்கலையா?"

"மதிப்பு எதுக்குங்குறேன்? அவ என்ன செஞ்சா?"

"செத்துப் பொழச்சாடி!"

கனகரத்தினம் கூடையைத் தூக்கிக்கொண்டு கொடிக்காலுக்கு வந்துவிடுவாள். கட்டைவிரலில் இரும்பு நகத்தை மாட்டிக்கொண்டு கொடி கொடியாக இலை கிள்ளுவாள். கொடிக்காலுக்குள் எப்போதும் ஈரம். உச்சி வெயிலிலும் உள்ளே மங்கலாய்த்தான் இருக்கும். ஆள் முகம் தெரியாது. அவளுக்கு அது வேண்டியிருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

மதராசில் நடந்ததை அவள் பிற்பாடு என் மனைவியிடம்தான் சொன்னாள்.

ராஜ்யம் அழாத பிள்ளை. ஸ்டுடியோவில் அத்தனை பெரிய விளக்குகளைப் பார்த்ததும் கைகொட்டிச் சிரித்தது. நடிகையின் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தது. ஒரு நாள் முழுக்க முயன்று பார்த்தார்கள். டைரக்டர் தொப்பியைக் கழற்றித் தரையில் போட்டுவிட்டுப் போனார். வேணுதாசு வேஷத்துக்குச் சிவப்பாய் வேறொரு ஆள் ஏலூரிலிருந்து வந்து காத்திருப்பதாக ஸ்டுடியோவில் பேச்சு இருந்தது. அன்று சாயங்காலம் மானேஜர் பரப்பிரம்மத்தைத் தனியாகக் கூப்பிட்டு, "பசிச்சா எந்தப் பிள்ளையும் அழும் சார்" என்றார். பரப்பிரம்மம் மனைவியிடம் வந்து தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"ஒரு வேளை மட்டும்தான் ரத்னம். காலைல குடுக்காத. வெயிலேறதுக்குள்ள எடுத்துருவாங்க."

அவள் கொடுக்கவில்லை. மாரைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். குழந்தை அழுதது. நன்றாக வந்துகொண்டிருந்த நேரத்தில் வெளியே காக்கை கத்தி, ஒலிப்பதிவு கெட்டது. திரும்ப எடுத்தார்கள். ஒரு விளக்கு வெடித்தது. புது விளக்கு வரும்வரை காத்திருந்தார்கள். அவள், "கொஞ்சம் குடுத்துரட்டுமா?" என்று கேட்டாள். மானேஜர், "குடுத்தா தூங்கிரும்மா" என்றார். அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் அடுத்த வசனத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். மத்தியானம் தாண்டிக் குழந்தைக்குக் குரல் கம்மிவிட்டது. டைரக்டர் துள்ளி எழுந்தார்: "இதுதான்! இந்தக் குரல்தான் வேணும்! காமிரா!"

எடுத்து முடித்ததும் கனகரத்தினம் மேக்கப் அறைக்குள் ஓடிப் பால் கொடுத்தாள். பால் பீறிட்டுக் குழந்தைக்குப் புரையேறியது. டைரக்டர் கதவுக்கு வெளியே நின்று, "அம்மா, உங்க பொண்ணுதான் இந்தப் படத்துல பெரிய ஆர்ட்டிஸ்ட்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

*

அவர்கள் கொடிக்காலில் நாஞ்சாரம்மா என்று ஒருத்தி கூலிக்கு வந்துகொண்டிருந்தாள். ஊருக்கு வெளியே, தீண்டாச் சாதியென்று ஒதுக்கிவைத்த மாலர்களின் பேட்டையைச் சேர்ந்தவள். புருஷன் ரங்கூனுக்குப் போனவன். அங்கே யுத்தம் வந்த பிறகு தகவல் இல்லை. அவளுக்கு ஓர் ஆண் குழந்தை, ஒரு வெள்ளாடு. அவள் மாரில் பால் வற்றிப்போய், ஆட்டுப்பாலில்தான் பிள்ளை வளர்ந்தது. பிறந்ததிலிருந்தே அதற்கு வயிறு சரியில்லை. வேலைக்கு வரும்போது அகத்தி மரங்களுக்கிடையே பழம்புடவையில் தூளி கட்டிப் போட்டுவிடுவாள். இலையைக் கவுளிக் கட்டுகளாய் அடுக்கிக்கொண்டே காலால் தூளியை ஆட்டுவாள்.

ஒரு நாள் காலை பனி விலகி வெயில் வந்திருந்தது. நான் வாய்க்காலில் மடை மாற்றிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் இலை கிள்ளிக்கொண்டிருந்த கனகரத்தினம் திடீரென்று நிமிர்ந்தாள். தூளியில் பிள்ளை அழுதது. குரலே இல்லை, காற்று மட்டும் வந்தது.

அவள் கூடையைப் போட்டுவிட்டுப் போய்த் தூளியை விலக்கிப் பார்த்தாள். பிள்ளையின் உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"நாஞ்சாரூ! பிள்ளைக்கு என்னடி குடுத்த?"

"சக்கரத் தண்ணி குடுத்தேம்மா."

"ஆட்டுப்பால்?"

நாஞ்சாரம்மா கொஞ்சம் வெட்கப்பட்டாற்போலச் சிரித்தாள். "அத குடுத்துட்டேம்மா."

"யாருக்கு?"

"கால்வாக் கரைல பைராகி வந்து இறங்கியிருக்காரே, அவருக்கு. நாலு நாளாக் கறந்து கறந்து கொண்டுபோய்க் குடுக்குறேன். மடக்கு மடக்குன்னு குடிக்கிறாரும்மா. ஒரு வார்த்த பேச மாட்டேங்குறாரு. எனக்கு அதுலயே தெரிஞ்சுபோச்சு."

"என்ன தெரிஞ்சுபோச்சு?"

"யாருன்னு."

இலை கிள்ளிக்கொண்டிருந்த மற்றப் பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள்.

"அடிப்பாவி, பிள்ள சாகக் கெடக்குதுடி!"

"படத்துலயும் அப்பிடித்தானேம்மா ஆச்சு. குண்டூரு ஆஸ்பத்திரி வரைக்கும் தூக்கிட்டுப் போனேன், சொஸ்தமாகல. இனிமே யாருகிட்டப் போறது? நம்ம ராஜ்யம் பாப்பாவ எழுப்புனவரு எம் பிள்ளைய எழுப்ப மாட்டாரா?"

கனகரத்தினம் தூளியை விட்டு அவள் பக்கம் திரும்பினாள்.

"நாஞ்சாரூ, நான் சொல்றதக் கேளு. அது சினிமாடி. எம் பொண்ணு சாகவும் இல்ல, பொழைக்கவும் இல்ல. யாரும் வந்து எழுப்பல."

"சோதிக்கிறீங்களாம்மா?"

"நான் எதுக்குடி உன்னச் சோதிக்கிறேன்?"

"படத்துலயும் அந்தம்மாகிட்ட ஊருல எல்லாரும் இப்பிடித்தான் சொன்னாங்க. பால் குடுக்காத, பரதேசி ஏமாத்துறான்னு." அவள் முகத்தில் சந்தேகமே இல்லை. "நீங்க சொல்றீங்க. ஆனா உங்க வீட்டு வாசல்ல வெச்சு உங்க நாத்தனாரம்மா பாப்பா கைய எம் பிள்ள தலைல வெச்சாங்களே. அவங்க பொய் சொல்லுவாங்களா?"

கனகரத்தினம் விரலிலிருந்த இரும்பு நகத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு வரப்பில் ஓடினாள்.

அன்று மாலை ஆட்டத்துக்கு முன்னால் பரப்பிரம்மத்துக்குக் கொட்டகையில் பொன்னாடை போர்த்துவதாக ஏற்பாடு. தாசில்தார் வருவதாக இருந்தது. அவன் வீட்டில் முகச்சவரம் செய்துகொண்டு, அன்று பாட வேண்டிய பத்யத்தை மெல்ல முனகிக்கொண்டிருந்தான். கனகரத்தினம் போய் நின்று சொன்னாள். அவன் சவரக்கத்தியைக் கீழே வைத்தான்.

"பைத்தியக்காரி. சினிமாவ நெசம்னு நெனப்பாளா ஒருத்தி?"

"நெனச்சுட்டா. நீங்க வந்து சொல்லுங்க."

"நீ சொல்ல வேண்டியதுதானே?"

"நான் சொன்னா நம்பல. நான் அவளுக்கு யாரு? வெத்தலைக்காரி. நீங்கதான் வேணுதாசு."

செங்கம்மா உள்ளேயிருந்து வந்தாள். "தாசில்தார் வர்ற நாளுல இவன் கொடிக்காலுக்குள்ள நின்னு, நான் செஞ்சது பொய்னு கூவணுமா? ஒரு படி பால நம்ம எருமைல கறந்து கொடுத்தனுப்பு. தீந்துச்சு."

"வாங்க மாட்டா மதினி. அதையும் கொண்டுபோய் பைராகிக்கு ஊத்துவா."

பரப்பிரம்மம் ஒரு பக்கம் மட்டும் சவரம் செய்த முகத்தோடு எழுந்து வந்தான். கனகரத்தினம் ராஜ்யத்தைப் பலகையிலிருந்து தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

அவன் கொடிக்காலுக்குள் நுழைந்ததும் நாஞ்சாரம்மா ஓடி வந்து அவன் காலில் விழுந்தாள். இத்தனை வருஷமாய் அவனிடம் கூலி வாங்கியவள். அதுவரை அவனை நிமிர்ந்து பார்த்தவள்கூட இல்லை. சேற்றில் நெற்றி படும்படி விழுந்து, "அய்யா, உங்க வாயால ஒரு வார்த்த சொல்லுங்க. எம் பிள்ள பொழைக்குமா?" என்றாள்.

பரப்பிரம்மம் வாயைத் திறந்தான். சொல்லத்தான் வந்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவள் விழுந்த விதம் அப்படி. பத்து வருஷமாக மேடையில் அவன் காலில் அப்படித்தான் விழுந்திருக்கிறார்கள். அவன் வலது கை தானாக உயர்ந்தது. குரல் தானாக இறங்கிக் குழைந்தது.

"கலங்காதே அம்மா. கொடுத்தவனே காப்பான்."

நாடக வசனம். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே தெரிந்தது. உயர்ந்த கை அப்படியே நின்றது. நாஞ்சாரம்மா கண்ணீரோடு எழுந்து கும்பிட்டாள். சுற்றி நின்ற பெண்களும் கும்பிட்டார்கள்.

கனகரத்தினம் புருஷனைப் பார்த்தாள், அவ்வளவுதான். அவன் அந்தப் பார்வையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தான். திரும்பிய பக்கம் தூளி இருந்தது. பிள்ளை வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது.

"நாஞ்சாரூ" என்றான். இது அவன் சொந்தக் குரல். கொஞ்சம் திக்கியது. "நான் இப்ப சொன்னது நாடகம். அத விட்டுரு. பிள்ளைக்குப் பால் குடு."

"அய்யா..."

"எம் பொண்ணு அழுதது பசியில. நாங்கதான் பால் குடுக்கல. காலைலருந்து மத்தியானம் வரைக்கும் குடுக்கல. அழுதாத்தான் படம் எடுக்க முடியும்னாங்க. நான்தான் குடுக்காதேன்னு இவகிட்டச் சொன்னேன்."

"அப்ப சாமி..."

கனகரத்தினம் சொன்னாள்: "சாமி வரலடி. வெளக்க அணைச்சாங்க. நான் பால் குடுத்தேன். அழுகைய நிறுத்திருச்சு. நடந்தது அவ்வளவுதான்."

நாஞ்சாரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கனகரத்தினத்தின் இடுப்பிலிருந்த ராஜ்யத்தைப் பார்த்தாள். நெற்றி நிறையக் குங்குமத்தோடு அது கையிலிருந்த வெற்றிலையைக் கிழித்துக்கொண்டிருந்தது.

"வீட்டுல பால் இல்லையாம்மா அப்ப?"

"இருந்துச்சு."

"உங்க மாருல?"

"இருந்துச்சுடி. கட்டி வெச்சிருந்தேன்."

நாஞ்சாரம்மா நெற்றிச் சேற்றைப் புறங்கையால் துடைத்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

"நான் சாமிக்குன்னு நெனச்சுக் குடுக்காம இருந்தேன். நீங்க யாருக்கும்மா குடுக்காம இருந்தீங்க?"

அவள் தூளியிலிருந்து பிள்ளையை எடுத்து மாரோடு அணைத்துக்கொண்டாள். பழம்புடவையை அவிழ்த்துச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டாள். வரப்பு வழியாகப் போகாமல் வாய்க்காலில் இறங்கி, எங்கள் நிலத்தில் ஏறி, பேட்டையைப் பார்த்து வேகமாக நடந்தாள். பரப்பிரம்மம் வழியில்தான் நின்றான். அவன் மேல் படாமல் ஒதுங்கிப் போனாள். அப்படி ஒதுங்குவது அவள் சாதிக்கு வழக்கம்தான். ஆனால் அன்றைக்கு அது வழக்கமாய்த் தெரியவில்லை. அவனுக்கும் அப்படித் தெரிந்திருக்காது.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. சட்டென்று இல்லை. ஆட்டுப்பாலைத் தண்ணீர் கலந்து துணியில் தொட்டுத் தொட்டுப் புகட்டினாளாம். மார்கழியில் எங்கள் கொடிக்காலுக்கு வேலைக்கு வந்தபோது தூளியில் கத்திக் கூப்பாடு போடுகிற அளவுக்குத் தேறியிருந்தது. பரப்பிரம்மம் நிலத்துக்கு அவள் அப்புறம் போகவில்லை. என்னவென்று நான் கேட்கவுமில்லை.

கொடிக்காலில் அது நடந்த அன்று மாலை கொட்டகையில் தாசில்தார் வந்து காத்திருந்தார். பரப்பிரம்மம் போகவில்லை. செங்கம்மா வாசலுக்கும் உள்ளுக்குமாய் நடந்து, அழுது, திட்டிப் பார்த்துவிட்டு, "தம்பிக்குக் காய்ச்சல்" என்று தானே போய்ச் சொல்லிப் பொன்னாடையை வாங்கிக்கொண்டு வந்தாள். அவள் வரும்போது அவன் கொல்லையில் எருமைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பாதிச் சவரம் பாதியாகவே இருந்தது. கனகரத்தினம் சோறும் புளிச்சகீரைத் துவையலும் தட்டில் போட்டுக்கொண்டு வந்து வைத்தாள். இருட்ட ஆரம்பித்திருந்தது. அவன் சோற்றைத் தொடவில்லை.

"எல்லாரும் கேக்குறாங்க ரத்னம், அந்த எடத்துல உங்களுக்குக் கண்ணீர் எப்பிடி அப்பிடி வந்துச்சுன்னு."

அவள் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"பிள்ள அழுவுதேன்னு வந்துச்சுன்னு நானும் சொல்லிட்டுத் திரியுறேன். அது பொய். அவ குரல் கம்முன உடனே டைரக்டர் எந்திரிச்சாரு பாரு, அப்பவே தெரிஞ்சுபோச்சு எனக்கு, நல்லா வந்துருச்சுன்னு. சந்தோஷம் ரத்னம். அந்தச் சந்தோஷத்துல வந்த கண்ணீரு."

கனகரத்தினம் அவனுக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்தாள்.

"டைரக்டரு கதவுக்கு வெளிய நின்னு பெரிய ஆர்ட்டிஸ்ட்டுன்னு சொன்னாருல்ல" என்றாள். "பிள்ளைக்குப் புரையேறி மூச்சு முட்டிக்கிட்டிருந்துச்சு. நான் அதக் கேட்டு, முதுகத் தட்டிக்கிட்டே சிரிச்சேங்க."

இதைச் சொல்லும்போது அவள் என் மனைவி முன்னால் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாளாம். அவன் என்ன சொன்னான் என்று என் மனைவி கேட்டிருக்கிறாள். ஒன்றும் சொல்லவில்லை, தட்டை எடுத்துச் சோற்றைப் பிசைந்தான், இரண்டு பேருமாய் அதே தட்டில் சாப்பிட்டோம் என்றாளாம். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரே தட்டில் அவர்கள் சாப்பிட்டதில்லை.

மறுநாள் காலையிலும் பெண்கள் வந்தார்கள். கொடிக்காலில் நடந்தது அதற்குள் ஊர் முழுக்கத் தெரியும். ஆனாலும் வந்தார்கள். பொன்னூர்ப் பக்கமிருந்து இரண்டு வண்டிகள் வந்து நின்றன. செங்கம்மா கோபத்தில் உள்ளே படுத்திருந்தாள்; பலகை போட ஆளில்லை. கனகரத்தினம் வாசலுக்கு வந்து படியில் உட்கார்ந்துகொண்டு வழியை மறித்தாள்.

"இங்க ஒண்ணும் இல்லம்மா. எம் பிள்ளைய எந்தச் சாமியும் தொடல."

முன்னால் நின்றவள், சோகை பிடித்த ஒரு பெண் குழந்தையைத் தோளில் போட்டிருந்தாள். "அப்பிடிச் சொல்லாதீங்க தாயி. ரொம்ப தூரத்துலருந்து வர்றோம்."

"பிள்ளைக்குக் காலைல பால் குடுத்தியா?"

"இல்ல தாயி. தரிசனம் பண்ணிட்டுக் குடுக்கலாம்னு..."

"வண்டிலயே உக்காந்து குடு. மொதல்ல குடு. யாரு வந்து கேட்டாலும் பிள்ளைக்குக் குடுத்துட்டு மிச்சத்தக் குடு. போ."

அவள் குரல் உடைந்திருந்தது. கூட்டத்தின் பின்னாலிருந்து யாரோ ஒருத்தி கேட்டாள்: "என்ன சொன்னாங்க?" இன்னொருத்தி சொன்னாள்: "பிள்ளைக்குப் பால் குடுன்னு அருள்வாக்கு சொல்லியிருக்காங்கடி." "வாக்கா?" "அம்மா வாயால வந்துச்சு. இப்பத்தான்."

அந்த வார்த்தை வண்டி வரைக்கும் ஓடியது. வண்டியில் உட்கார்ந்திருந்தவர்கள் அங்கேயே பிள்ளைகளை மடியில் சாய்த்துப் பால் கொடுக்க ஆரம்பித்தார்கள். மற்றவர்கள் ஒவ்வொருத்தியாகப் படியண்டை வந்து, குனிந்து, கனகரத்தினத்தின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

"வேணாம்மா. தொடாதீங்க. வேணாம்" என்றாள் அவள். அவர்கள் கேட்கவில்லை. அவள் இரண்டு காலையும் புடவைக்குள் இழுத்துக்கொண்டு, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவர்கள் படியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.